வளம் கற்பிக்கும் பொறுப்புக்கு ஆள் தேர்தலின் அறம்

ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்கை வளக் கல்லூரிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வெளிப்பார்வைக்கு வெறும் நிர்வாகச் செயலாகவே தோன்றும். பணியிடம் காலியாகிறது, குழு அமைகிறது, விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படுகின்றன, ஒருவர் நியமனம் பெறுகிறார். ஆயினும் நிலம், நீர், காடு, கனிமம், பயிர் ஆகியவற்றை ஆராய்ந்து கற்பிக்கும் இத்தகைய கல்லூரியின் தலைவர், அதாவது டீன் என்று வழங்கப்படும் புலத்தலைவர், எந்த ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது, எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்வது, எந்தத் துறை வல்லுநரைப் பணிக்கு அழைப்பது என்பவற்றில் பெரும்பங்கு வகிப்பவராதலால், அவருடைய முடிவுகள் கல்லூரி வாசலுக்குள் அடங்கிவிடுவதில்லை. அவற்றின் நன்மையையும் தீமையையும் ஏற்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் தேர்வுக் குழுவில் இடம்பெறுவதும் இல்லை, அப்படியொரு குழு கூடியதை அறிவதும் இல்லை. அவ்வாறாயின் அந்தக் குழு யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறது என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வியாகும்.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்திலுள்ள செனாய் வட்டாரத்தை முன்வைத்துப் பார்த்தால் இக்கேள்வியின் கனம் விளங்கும். ரப்பரும் செம்பனையும் விளைந்த தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த இவ்வூருக்கு 1974இல் விமான நிலையம் வந்தது, தொழிற்சாலைகள் பெருகின, அண்மை ஆண்டுகளில் இதே மாவட்டத்தின் செடெனாக்கில் தரவு மையங்கள், அதாவது கணினித் தகவல்களைச் சேமித்துக் கையாள்வதற்காகப் பெருமளவு மின்சாரத்தையும் குளிர்விக்கும் நீரையும் வேண்டும் கட்டடத் தொகுதிகள், எழுந்துவருகின்றன. இவ்வட்டாரத்தின் வழியே தெற்கு நோக்கி ஓடி ஜொகூர் நீரிணையில் கலக்கும் ஸ்கூடாய் ஆற்றின் நீரை 1961ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி 2011 வரை சிங்கப்பூர் எடுத்துவந்தது. 1962ஆம் ஆண்டு உடன்பாடு, ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கும் உரிமையை 2061 வரை அந்நாட்டுக்கு அளிக்கிறது. 2019 மார்ச் மாதத்தில் இதே மாநிலத்தின் பாசிர் கூடாங்கிலுள்ள கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவு ஆயிரக்கணக்கானோரை நோயுறச் செய்து, 111 பள்ளிகளை மூடவைத்தது. செனாய்க்குத் தெற்கே ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வேதிப் பொறியியலோடு இயற்கை வளப் பொறியியலையும் தன் பெயரிலேயே தாங்கிய புலம் ஒன்று அங்கு இயங்கியது. இத்தகைய வட்டாரத்தில் வள அறிவியலை வழிநடத்தும் ஒருவரைத் தேர்வது, ஆற்றங்கரையிலும் தோட்டத்திலும் வாழ்பவர்களின் நலனைத் தொடாமல் இருக்க முடியாது.

தேர்வுக் குழுவின் முன் வரும் முதல் சிக்கல், தொழில்துறையோடு நெருங்கிய உறவுடைய அறிஞரை ஏற்பதா விலக்குவதா என்பதாகும். மலேசியாவில் வள அறிவியலின் வரலாறே தொழில்துறையின் பணத்தோடு பின்னிக் கிடக்கிறது. 1925இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம், ரப்பர் ஏற்றுமதியின்மீது விதிக்கப்பட்ட ‘செஸ்’ என்னும் தனித் தீர்வையால் நடத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டில் இரண்டு அமைப்புகளை இணைத்து உருவாக்கப்பட்ட மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமும் இதே வகைத் தீர்வையின் துணையோடு ஆய்வு நடத்துகிறது. செர்டாங்கில் 1931இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1971இல் வேளாண் பல்கலைக்கழகமாக உயர்ந்து, 1997இல் புத்ரா மலேசியப் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் பட்டதாரிகளும் தோட்டத் தொழிலின் நிர்வாகத்திலும் ஆய்விலும் பரவலாக இடம்பெற்றனர். எனவே தொழில்துறையின் வாடையே படாத வல்லுநரைத் தேடுவது, களத்தை அறியாத ஒருவரைத் தேடுவதாகவே முடியக்கூடும்.

அந்த உறவு நல்ல விளைவுகளைத் தந்ததற்கும் சான்று உண்டு. செம்பனையின் மகரந்தத்தைக் காற்றே பரப்புகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டதால், காய்ப்பு குறைந்த மலேசியத் தோட்டங்களில் தொழிலாளர்கள் கையாலேயே மகரந்தம் சேர்க்கவேண்டியிருந்தது. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர், யூனிலீவர் நிறுவனத்தின் ஆதரவோடு கேமரூனில் ஆராய்ந்து, அப்பணியைச் செய்வது ஒருவகைக் கூன்வண்டு என்று கண்டறிந்தார். பலவகைச் சோதனைகளுக்குப் பிறகு 1981இல் அந்த வண்டு ஜொகூரின் குளுவாங் வட்டாரத் தோட்டத்தில் முதன்முதலாக விடப்பட்டு, விரைவில் நாடெங்கும் பரவி விளைச்சலை உயர்த்தியது. வணிக நோக்கம் பின்னால் இருந்ததனால் அந்தக் கண்டுபிடிப்பின் உண்மை குறைந்துவிடவில்லை. எனினும் கையால் மகரந்தம் சேர்த்து அதற்குரிய கூலி பெற்றவர்களின் நிலை என்னவாகும் என்ற கேள்வியை எழுப்பும் பொறுப்பு அந்த ஆய்வுத் திட்டத்தில் எவருக்கும் தரப்பட்டிருந்ததாகத் தெரியவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. விடை சரியாக இருந்தபோதும் கேள்விகளின் பட்டியல் முழுமையாக இல்லை.

பட்டியலின் அந்தக் குறை எவ்வளவு கொடியதாக மாறக்கூடும் என்பதைப் பாராகுவாட் வரலாறு காட்டுகிறது. தோட்டங்களில் களையை அழிக்கப் பயன்பட்ட இந்த நஞ்சைத் தோளில் சுமந்து தெளிக்கும் ‘மருந்தடிக்கும்’ வேலையைச் செய்தவர்களில் பெண்கள் மிகுதி; அவர்களுள் தமிழ்ப் பெண்கள் பலர். அவர்களுடைய உடல்நலக் கேடுகளை 2002இல் ஆய்வறிக்கையாக வெளிக்கொணர்ந்ததில் முன்னின்றது தெனாகானித்தா என்னும் தன்னார்வ அமைப்பு. அதே ஆண்டில் அரசு இந்த நஞ்சைப் படிப்படியாக விலக்குவதாக அறிவித்தது. 2006இல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி 1ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. களைக்கொல்லியின் திறன், அளவு, செலவு ஆகியவை பற்றிய அறிவு குவிந்துகிடந்த ஒரு நாட்டில், தெளிப்பவரின் நகமும் தோலும் மூச்சும் என்னவாகின்றன என்ற கேள்வியை உரக்கக் கேட்கும் பணி தன்னார்வலர்களிடம் விடப்பட்டிருந்தது. இதைத் தனிமனித அறிஞர்களின் கயமை என்று கூறிவிட முடியாது. ஆய்வுக்கான கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அந்தப் பெண்களின் குரல் எட்டவில்லை என்பதே நேர்மையான விளக்கமாகும்.

இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளையும் சேர்த்து நோக்கினால், வேட்பாளருக்குத் தொழில்துறை உறவு உண்டா என்ற கேள்வி முதன்மையானதன்று என்பது புலப்படும். அந்த உறவு வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா, அதற்கு எதிரான கேள்வியையும் ஆராய இடமளிக்கும் உறுதி அவரிடம் உண்டா என்பனவே முதன்மையானவை. ஆலோசனைக் கட்டணம், நிறுவன இயக்குநர் பதவி, பங்குரிமை, ஆய்வு நிதி ஆகியவற்றை மறைத்த ஒருவரின் பிற தகுதிகள் எவ்வளவு உயர்ந்தவையாயினும், அவற்றைக் குழு எடைபோடுவதற்குரிய அடிப்படையே அங்கு சரிந்துவிடுகிறது.

இரண்டாவது சிக்கல், தேர்ந்தெடுக்கும் அதிகாரம் எங்கிருக்க வேண்டும் என்பது. மலேசியப் பல்கலைக்கழகங்களில் இக்கேள்வியின் வரலாறு, வியப்பூட்டும் வகையில், ஒரு வளப் பிரச்சினையிலேயே வேர்கொண்டுள்ளது. 1974இன் இறுதியில் ரப்பர் விலை வீழ்ச்சியாலும் விலைவாசி ஏற்றத்தாலும் கெடா மாநிலத்தின் பாலிங் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்கள் வறுமையில் தள்ளப்பட்டபோது, அவர்களுக்கு ஆதரவாக மாணவர்கள் கோலாலம்பூரில் திரண்டனர்; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர்; மலாயாப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் அறிஞர் சையத் உசேன் அலி விசாரணையின்றி ஆறாண்டுகள் சிறைவைக்கப்பட்டார். அதைத் தொடர்ந்து, 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் மற்றும் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் 1975இல் கடுமையாகத் திருத்தப்பட்டது. மாணவர்களின் அரசியல் செயற்பாடு முடக்கப்பட்டதோடு, அதுவரை புலத்தின் ஆசிரியர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டுவந்த டீன் பதவியும் துணைவேந்தரின் நியமனத்துக்கு உட்பட்டதாயிற்று. துணைவேந்தரை நியமிப்பவர் உயர்கல்வி அமைச்சர்; அதற்கு முன் ஒரு குழுவின் கருத்தை அவர் கருத்தில் கொள்ளவேண்டும் என்ற விதி 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்களின் வறுமையைக் கற்றோர் பேசியதன் விளைவாகக் கற்றோரின் தலைவர்களைத் தேர்வது மேலிருந்து கீழாக மாறியது என்பது, இப்பதவியின் அறத்தைச் சிந்திப்போர் மறக்கக்கூடாத செய்தியாகும்.

அதனால் பழைய தேர்தல் முறைக்குத் திரும்பினாலே நீதி நிலைத்துவிடும் என்று முடிவுகட்டுவதும் பொருந்தாது. சக ஆசிரியர்களின் வாக்கைப் பெற்று வருபவர் அவர்களுடைய வசதிக்குக் கட்டுப்படலாம். எண்ணிக்கையில் பெரிய துறை சிறிய துறையை நசுக்கலாம். நிதி ஈட்டும் துறைகளின் கை ஓங்கி, சமூகவியல் நோக்கில் வளத்தை ஆராய்வோர் ஓரங்கட்டப்படலாம். நியமனம் அமைச்சரை நோக்கியும் தேர்தல் ஆசிரியர்களை நோக்கியும் பொறுப்பைத் திருப்புகின்றன. ஆற்று நீரைக் குடிப்பவரை நோக்கி அவற்றில் எதுவும் தானாகத் திரும்புவதில்லை. மேலும் மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணை கல்வியைக் கூட்டரசிடமும் நிலத்தையும் காட்டையும் மாநிலங்களிடமும் வைத்திருப்பதால், வளத்தைக் கற்பிக்கும் தலைவர் ஓர் அரசின் நிழலில் நியமிக்கப்பட்டு, வேறோர் அரசின் ஆளுகையிலுள்ள வளத்தைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. ஒன்றின் மனம் கோணாதிருக்க மற்றொன்றின் தவற்றைச் சொல்லாமல் விடும் சபலத்துக்கு அது இடமளிக்கிறது.

தமிழ் மரபில் இதற்கு நெருங்கிய முன்னுதாரணம் உத்திரமேரூரில் உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் முறையில், ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் உறுப்பினரைத் தேர்ந்ததை விவரிக்கின்றன. வளங்களைப் பேணும் அந்தப் பதவிகளுக்கு வயதும் கல்வியும் வரையறுக்கப்பட்டன. கடந்த மூன்றாண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்தவர் விலக்கப்பட்டார். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். நலமுரண், அதாவது பதவிக்கடமையும் சொந்த ஆதாயமும் மோதும் நிலை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு கூர்மையாக உணரப்பட்டது போற்றத்தக்கது. எனினும் அந்தச் சபை நிலமுடைய பிராமணர்களின் சபை. ஏரியைத் தூர்வாரி மண் சுமந்தவர்களின் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்துக்குள் செல்லவே இல்லை. கையூட்டைத் தடுக்கத் தெரிந்த ஒரு முறை, விலக்கலைத் தடுக்கத் தெரியாததாகவும் இருக்க முடியும் என்பதை உத்திரமேரூர் ஒருசேரக் கற்பிக்கிறது.

இவ்விடத்தில் பலர் மனத்தில் எழும் தீர்வு, விலக்கப்பட்ட சமூகத்திலிருந்தே ஒருவரைத் தலைவராக்குவது என்பதாகும். அரசமைப்பின் 153ஆம் விதி மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் மாநிலப் பூர்வகுடியினருக்கும் சிறப்பு நிலையை உறுதிசெய்யும் ஒரு நாட்டில், அரசுப் பல்கலைக்கழகங்களின் உயர்பதவிகளில் இந்திய வம்சாவளியினர் குறைவு என்ற மனக்குறை தமிழரிடையே நெடுங்காலமாக உண்டு. தகுதியுள்ளவர் இனத்தால் தடுக்கப்படக்கூடாது என்ற அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால் தோட்டத்தில் பிறந்த ஒருவர் டீன் ஆவதனாலேயே தோட்டத்தாரின் கேள்வி ஆய்வுக்கூடத்துக்குள் வந்துவிடும் என்பதற்கு உறுதியில்லை. பதவிக்கு வந்தவர் தாம் பிறந்த சமூகத்தைவிடத் தம்மை நியமித்தவருக்கே நன்றியுடையவராகலாம். அவர் அமர்ந்திருப்பதையே காட்டி, இனிக் கேட்க என்ன இருக்கிறது என்று மற்றவர் வாயை அடைக்கவும் கூடும்.

ஆகவே நீதியின் இருப்பிடத்தைத் தேர்ந்தெடுக்கப்படும் ஆளிடம் மட்டும் தேடாமல், தேர்வின்போது கேள்வி கேட்கும் உரிமை யாருக்குத் தரப்படுகிறது என்பதிலும் தேடவேண்டியிருக்கிறது. இதற்கு எதிராக இரண்டு மறுப்புகள் எழலாம். கல்விப் பதவிக்குரிய தகுதியைப் பொதுமக்கள் எப்படி அளப்பர் என்பது முதல் மறுப்பு. அளப்பதும் கேட்பதும் வேறுவேறு செயல்கள். வேட்பாளரின் ஆய்வுக் கட்டுரையை மதிப்பிடுவது அறிஞரின் பணி, ஆற்றில் மீன் செத்து மிதந்தால் கல்லூரி என்ன செய்யும் என்று கேட்பது கரையில் வாழ்பவரின் உரிமை. அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையை அறிஞர்கள் தம் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்வதால் கல்வித்தரம் தாழாது. இரண்டாவது மறுப்பு இரகசியம் பற்றியது. விண்ணப்பித்த செய்தி வெளியானால் தற்போதைய பணியிடத்தில் பகை வளரும் என்ற அச்சத்தால் நல்லவர்கள் விலகிநிற்பர் என்பது உண்மையே. ஆனால் அந்த நியாயம் விண்ணப்ப நிலைக்கே பொருந்தும். இறுதிச் சுற்றுக்கு வந்த இருவர் மூவர், பொதுவளத்தின் அறிவியலை வழிநடத்த முன்வந்தவர்கள் என்ற நிலையில், வெளியரங்கில் பேசும் சுமையை ஏற்பதே முறை. அமெரிக்காவின் பொதுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இறுதி வேட்பாளர்கள் வளாகத்துக்கு அழைக்கப்பட்டு, ஆசிரியர், மாணவர் முன்னிலையில் உரையாற்றும் வழக்கம் உண்டு; தோட்டச் சங்கத்தாரும் மீனவரும் சிறுதோட்டக்காரரும் அந்த அரங்கில் சேர்க்கப்பட்டால், அதே வழக்கம் ஜொகூருக்கும் பொருந்திவரும்.

இவற்றிலிருந்து தேர்வுக் குழுவின் கடமைகள் தெளிவாகின்றன. வேட்பாளரின் பொருளாதார உறவுகளை எழுத்தில் பெற்று, இறுதிச் சுற்றில் வெளியிடுவது அதன் கடமை. வளத்தை நம்பி வாழ்வோர் அவரை நேரில் வினவ இடம் அமைப்பது அதன் கடமை. நியமனத்துக்குப் பின் எந்தக் காரணங்களால் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதைப் பிற வேட்பாளரின் பெயர் சொல்லாமல் அறிவிப்பதும் அதன் கடமை. சட்டம் நியமன அதிகாரத்தைத் துணைவேந்தரிடம் வைத்திருப்பது இவற்றில் எதற்கும் தடையாகாது. அதிகாரம் உடையவர் தாமாக முன்வந்து தம் காரணங்களைப் பொதுவில் வைப்பதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. தகுதியற்ற ஒருவரைத் தேர்ந்த குழு தவறிழைக்கிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. தகுதியுள்ளவரையே தேர்ந்தபோதும், பாதிக்கப்படுவோரின் கேள்வியைக் கேட்கவிடாமலும் காரணத்தைச் சொல்லாமலும் தேர்ந்த குழு, தன் கடனில் பாதியை மட்டுமே தீர்த்திருக்கிறது.