தலையெழுத்தும் மரபணுவும்

"எல்லாம் தலையெழுத்து" என்று முன்னோர் சொன்ன பேச்சு இன்று நம் இல்லங்களில் புதிய சொல் ஒன்றைப் பெற்றுள்ளது. "அது ஜீனிலேயே இருக்கிறது" என்கின்றனர். பெண் வீட்டில் எவருக்கோ மனநோய் இருந்ததென்று கேள்வியுற்றால் அச்சம்பந்தமே வேண்டாம் என்கின்றனர். கணக்கில் பின்தங்கிய சிறுவனை, "அப்பன் போலத்தானே பிள்ளை" என்று ஒதுக்குகின்றனர். ஆசிரியப் பயிற்சி பெற்று, வகுப்பறையில் பல்லாண்டு நின்ற நமக்கு இப்பேச்சு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. உடலை உருவாக்குவது மரபணு என்னும் எழுத்து மட்டுந்தானா? அதைப் படித்துத் தொழில் செய்யும் செல்லுக்கு அதில் பங்கு என்ன? சிறிது ஆராய்வோம்.

சிதறால் மலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கச் செல்லும் நம்மவர், கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள வட்டக்கோட்டையையும் கண்டு வருவதுண்டு. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் காலத்தில், டிலனாய் என்னும் தளபதியின் மேற்பார்வையில் புதுப்பிக்கப்பட்ட கருங்கல் கோட்டை அது. அதற்குரிய கற்களின் அளவெல்லாம் ஓர் ஓலையில் எழுதியிருந்ததாகக் கொள்வோம். ஓலை கல்லைத் தூக்காது. இடமறிந்து, பக்கத்துக் கல்லோடு பொருந்துமாறு செதுக்கி வைப்பவர் கல்தச்சரே. உடலில் மரபணு ஓலை, செல் தச்சர்.

கண்ணிலுள்ள செல்லுக்கும் கல்லீரல் செல்லுக்கும் மரபணுத் தொகுதி ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் ஒன்று ஒளியை உணர்கிறது. மற்றொன்று பித்தநீரைச் சுரக்கிறது. தான் இருக்கும் இடத்திற்கும், அண்டைச் செல்கள் தரும் குறிப்புகளுக்கும் ஏற்ப, ஓலையில் எப்பகுதி படிக்கப்படும் என்பது செல்லில் அமைகிறது. மனிதருக்குப் புரதம் ஆக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழு ஒன்றுக்கும் ஏறத்தாழ அத்தனையே. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்க்கும் கைரேகை வேறுபடுகிறது.

செல் ஓலையைப் படிப்பதோடு நிற்பதில்லை, பழுதும் பார்க்கிறது. வட்டக்கோட்டைக் கரையில் கருமணலைக் காண்கிறோம். இம்மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கலந்த மோனசைட் உள்ளது. அது வெளியிடும் கதிர்கள் மரபணு இழையைச் சிதைக்க வல்லவை. அத்தகைய மணல் நிறைந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 மக்களைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் கவனித்தனர். அக்கதிரால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை என 2009-இல் வெளியிட்டனர். கதிர் தீங்கற்றது என்று இதனால் கொள்ளலாகாது. ஆனால் நம் ஒவ்வொரு செல்லிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான சிதைவுகள் நேர்வதும், அவற்றுள் மிகப் பலவற்றைச் செல்லே சீர்செய்வதும் உறுதியானவை. அவ்வாறு சீர்செய்யும் முறைகளைக் கண்டறிந்த மூவர்க்கு 2015-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

எழுத்தை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்க நாட்டுப் பெண்மணி ஒருவருக்குச் சிறுநீரகம் தேவைப்பட்டது. மக்கள் மூவரின் இரத்தத்தைச் சோதித்தபோது, இருவர் அவர் பெற்ற பிள்ளைகளாக இருத்தல் இயலாது என்று முடிவு வந்தது. பத்து மாதம் சுமந்தவர் தாயல்லராம்! பின்னர் உண்மை தெளிந்து, 2002-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர் தம் தாயின் கருப்பையில் இருந்தபோதே இரு கருக்கள் ஒன்றாகக் கலந்திருந்தன. இரத்தத்தில் ஒரு தொகுதி. பிற உறுப்புகள் சிலவற்றில் இரு தொகுதிகளும். ஓலை இரண்டு, ஆயினும் செல்கள் கூடிக் கட்டிய உடல் ஒன்றே. தவறியது தாய்மை அன்று, சோதனையை முழு உண்மை எனக் கொண்ட எண்ணமே.

மரபணுவுக்கு வலிமை இல்லை என நாம் கூறவில்லை. ஓர் எழுத்து மாறினால் அரிவாள் செல் சோகை வருகிறது. அத்தகைய நோய்களுக்கு மருத்துவரின் ஆலோசனை இன்றியமையாதது. செல்லும் நம் விருப்பப்படி இயங்குவதன்று. ஆயினும் எழுதப்பட்டது வேறு, நிகழ்வது வேறு என்பதை அது காட்டுகிறது. கற்குந்தோறும் மூளையில் நரம்புச் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் மாறுகின்றன. பின்தங்கிய சிறுவனை ஒதுக்குவோர் அம்மாற்றத்திற்குரிய வாயிலையே அடைத்துவிடுகின்றனர்.

அறிவியல் நம் ஆகமத்தை மெய்ப்பித்துவிட்டது என்று மகிழ்வதும் முறையன்று; இரண்டின் துறையும் வேறு. ஆனால் உடலின் அமைப்புக்கு நாமவினையைக் காரணம் கூறும் நம் நெறி அத்துடன் நின்றுவிடவில்லை. செறிப்பையும் உதிர்ப்பையும் வகுத்து, முயற்சிக்கு இடம் வைத்தது. வினையையே மாற்ற இயலாத விதியாகக் கொள்ளாத நாம், மரபணுவை விதியாக்கிப் பிறர் வீட்டுப் பெண்ணையும் நம் வீட்டுப் பிள்ளையையும் வருத்துவது எங்ஙனம் தகும்? சொல்லால் வருத்துதலும் இம்சையே. அடுத்த முறை "அப்பன் போலத்தானே" என்று நாவில் எழும்போது அச்சொல்லை அடக்குவோம்; அச்சிறுவனை அருகில் அமர்த்தி, அக்கணக்கை மீண்டும் ஒருமுறை சொல்லிக் கொடுப்போம்.