வேங்கடம் யாருடையது?

தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லையாகக் குறித்தார். தென்னெல்லையாகிய குமரி 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. வடவெல்லையாகிய வேங்கடமோ, 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் தோன்றிய ஆந்திர மாநிலத்தோடு சென்றது. ம.பொ.சிவஞானம் அவர்களின் தமிழரசுக் கழகமும், மங்கலங்கிழார் போன்ற தமிழாசிரியர்களும் நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பயனாக, படாஸ்கரின் தீர்ப்பையொட்டி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி நம்மிடம் வந்தது. திருப்பதி வரவில்லை, காளத்தியும் சித்தூரும் வரவில்லை.

"வேங்கடம் நம்முடையது" என்னும் சொல்லை நம் கூட்டங்களில் இன்றும் கேட்கிறோம். சிலர் அதனை ஏக்கத்தோடு சொல்கின்றனர்; சிலர் சினத்தோடு சொல்கின்றனர். "நம்முடையது" என்பதற்கு என்ன பொருள் என்று மட்டும் எவரும் நின்று கேட்பதில்லை. இறைவன் உறையும் ஓரிடம் ஒரு கூட்டத்தாரின் உடைமையாக இருக்க இயலுமா?

ஒன்றை முதலிலேயே விலக்கி வைத்துவிட வேண்டும். எல்லைப் போராட்டம் தவறென்று சொல்ல நான் வரவில்லை. தன் பிள்ளை எம்மொழியில் படிப்பது, தன் நிலப் பத்திரம் எவ்வெழுத்தில் இருப்பது, வழக்குமன்றத்தில் தன் சொல் விளங்குவது ஆகியவற்றைக் குறித்து ஒரு குடியானவன் கேட்பது நியாயம். அது மக்களின் உரிமை. அந்த உரிமையோடு மலைமேல் நிற்பவனையும் சேர்த்துக் கணக்கிடும்போதுதான் என் ஐயம் தொடங்குகிறது.

சட்டத்தையே கேட்போம். கோயிலில் எழுந்தருளியுள்ள மூர்த்தியை உடைமை கொள்ளத்தக்க ஒருவராகவே நம் நாட்டுச் சட்டம் கொள்கிறது. நிலமும் நகையும் அவருடையவை. மைனரின் சொத்தைக் காப்பாளர் பார்ப்பது போல மனிதர் அவற்றைப் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவே. திருமலையில் அக்காப்பாளர்கள் எத்தனை முறை மாறினர்! 1843இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நிருவாகத்தை ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைத்தனர். அவர்கள் வடநாட்டுத் துறவியர். தொண்ணூறு ஆண்டுகள் அவர்கள் கையில் சாவி இருந்தது. அதனால் வேங்கடவன் வடநாட்டான் ஆகிவிட்டான் என்று ஒருவரும் சொன்னதில்லை. பிறகு சென்னைச் சட்டமன்றம் 1932இல் இயற்றிய சட்டத்தின்வழித் தேவஸ்தானக் குழு அமைந்தது. அதன்பின் ஆந்திரம். 2022 ஏப்ரல் 4ஆம் நாள் சித்தூர் மாவட்டமே பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. காளத்தி அதனோடு போயிற்று, காணிப்பாக்கத்துப் பிள்ளையார் சித்தூரிலேயே தங்கிவிட்டார். கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் எனக்கு, ஓர் அரசாணை எத்துணை எளிதாக ஓர் ஊரின் முகவரியை மாற்றிவிடும் என்பது நன்கு தெரியும். முகவரி மாறியது கோயிலுக்குள் எட்டியதாகத் தெரியவில்லை.

சங்கப் பாடல்களில் வேங்கடம் எவ்வாறு வருகிறது என்பதை நம் போன்று வெளியூரில் வாழ்வோர் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். அகநானூற்றில் மாமூலனார் அம்மலையைப் புல்லி என்பானின் மலையாகப் பாடுகிறார். அதன் திருவிழாச் சிறப்பையும் குறிப்பிடுகிறார். ஆனால் அவர் பாட்டில் மலை வருவது வழிபாட்டுக்காக அன்று. பொருள் தேடிப் புறப்பட்ட தலைவன் அம்மலையையும் கடந்து மொழி மாறும் நாட்டிற்குச் சென்றுவிட்டான். இல்லில் இருப்பவள் நாள் எண்ணுகிறாள். வேங்கடம் ஊரைவிட்டுப் பிழைக்கப்போனவனின் வாயில். மும்பையிலிருந்து இரயிலில் வரும் நம்மவர், ரேணிகுண்டா வந்ததும் பெட்டி படுக்கையைச் சரிசெய்துகொண்டு, "ஊர் வந்துவிட்டது" என்கிறார்களே, அவர்கள் சொல்வதும் அதே வாயிலைத்தான். புத்தூரும் திருத்தணியும் அரக்கோணமும் இன்னும் வரவேண்டியிருக்கும். ஆயினும் மலை கண்ணில் பட்டவுடன் நெஞ்சு வீட்டிற்கு வந்துவிடுகிறது. எல்லை என்பது இருபுறத்தார்க்கும் பொதுவானது. ஒருவர் வீட்டு நிலைப்படியைக் கடந்து போகிறவனும் அதனையே கடக்கிறான். திரும்பி வருகிறவனும் அதனையே மிதிக்கிறான்.

நிலைப்படி என்றதும் குலசேகராழ்வார் நினைவுக்கு வருகிறார். அவர் சேர நாட்டு அரசர். (இன்றைய எல்லைப்படி பார்த்தால் அவர் கேரளத்தவர், வேங்கடத்தை எல்லைக்கணக்கில் கேட்பவர்கள் குலசேகரரை என்ன செய்வார்களோ, அறியேன்.) எல்லைகளைப் பெருக்குவதே அரசர் தொழில். அந்த அரசர் வேங்கடத்தில் கேட்டது, சுனையில் ஒரு மீனாக, காட்டில் ஒரு மரமாக, போகட்டும், கோயில் வாசலில் அடியார் ஏறி இறங்கும் ஒரு படியாகக் கிடக்க வேண்டும் என்பது. முடிவில், அம்மலைமேல் ஏதாவது ஒன்றாக இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார். கருவறை வாசற்படியைக் குலசேகரன் படி என்றே இன்றும் அழைக்கிறார்கள். மலையைத் தனக்கு உடைமையாக்கிக்கொள்ள அவர் எண்ணவில்லை. தம்மை மலைக்கு உடைமையாக்கினார்.

இதனை மெய்யாகவே எடுத்துக்கொண்டவர் ஒருவர் உண்டு. இராமாநுசரின் ஆணையைத் தலைமேற்கொண்டு, திருமலையின் குளிரையும் பொருட்படுத்தாது, அங்கே நந்தவனம் அமைத்துப் பூத்தொண்டு புரிந்த அனந்தாழ்வான் அவர். ஒருமுறை மலையிறங்கிப் பயணம் சென்றபோது, வழியில் கட்டுச்சோற்றைப் பிரித்தால் உள்ளே எறும்புகள். சோற்றை மூடிக்கொண்டு வந்த வழியே திரும்பினாராம். உடன் வந்தோர் வியந்து கேட்க, "ஏதாவது ஒன்றாக இருந்தால் போதுமென்று குலசேகரர் வேண்டினாரே, இவ்வெறும்புகளில் ஒன்று அவரைப் போன்ற ஓர் அடியவராக இருந்தால், மலையைவிட்டுப் பிரித்த பாவம் எனக்கன்றோ?" என்றாராம். வைணவ மரபில் வழங்கும் கதை இது. நடந்ததா என்று ஆராய்வோர் ஆராயட்டும். அக்கதையில் மலைக்கு உரியவை அந்த எறும்புகளே. அவற்றுக்கு மொழியில்லை, மாநிலமுமில்லை.

"எட்டாத பழம் புளிக்கும் என்ற நரியின் நியாயமல்லவா இது? இழந்தவன் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்தானே?" என்று ஒருவர் என்னைக் கேட்கலாம். கேள்வி கூர்மையானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. வேங்கடம் 1960இல் திருத்தணியோடு வந்திருந்தால் இக்கட்டுரையை நான் எழுதியிருப்பேனா என்று எண்ணிப் பார்த்தேன். எழுதியிருக்க மாட்டேன். அதனால் மட்டும் இக்கருத்து பொய்யாகிவிடாது. நம்மிடம் இல்லாதபோது அங்கே என்ன அழிந்தது என்று பார்த்தால் விடை தெரியும். திருமலையின் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழிலேயே உள்ளன. அவற்றைப் படியெடுத்துத் தொகுதிகளாக அச்சிட்டது தேவஸ்தானமே. மார்கழி மாதம் முழுவதும் அங்கே சுப்ரபாதம் ஒலிப்பதில்லை. ஆண்டாளின் திருப்பாவையே வேங்கடவனைத் துயிலெழுப்புகிறது. அந்த ஆண்டாளின் கதையை ஆமுக்தமால்யதா என்னும் பெயரில் தெலுங்கில் காவியமாக்கியவர் கிருஷ்ணதேவராயர். பிரம்மோற்சவத்தில் கருடசேவைக்கு வில்லிபுத்தூரிலிருந்து மாலை போகிறது. சென்னையிலிருந்து குடைகள் நடந்தே போகின்றன. தெலுங்கு நாட்டில் தமிழ்ப் பாவைக்கு ஒரு மாதம் முழுவதும் கொடுத்திருக்கிறார்கள். நம் குடியிருப்புகளில் அப்பாவையை முப்பது நாளும் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அவரவர் வீட்டில் எண்ணிக்கொள்ளலாம்.

இதன் கடினமான பாதி இனிமேல்தான் வருகிறது. வேங்கடத்தின் மேல் உடைமையில்லாமலே உறவு கொண்டாட நமக்கு இடமுண்டென்றால், அதே இடம் பிறர்க்கும் உண்டு. அண்மை ஆண்டுகளில் பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்குத் தெலுங்கு நாட்டுக் குடும்பங்கள் பெருந்திரளாக வருகின்றன. கைக்குழந்தையோடும் முதியோரோடும் இரவெல்லாம் கிரிவலம் வந்து, விடியலில் பேருந்து நிலையத் தரையில் படுத்து உறங்குகின்றன. "நம் ஊர்க் கோயிலில் நமக்கு நிற்க இடமில்லை" என்று நம்மவர் அங்கே முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். நெரிசல் உண்மைதான், அதற்கு ஒழுங்கு செய்ய வேண்டியதும் உண்மைதான். ஆனால் அந்த முணுமுணுப்பில் நெரிசலைத் தவிர வேறொன்றும் இருந்தது. அவர்களுள் ஒரு பெரியவரிடம், அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் முடியிறக்கம் எங்கே என்று கேட்டேன்.

"தலைமுறை தலைமுறையாகத் திருமலையில்தான், வேறு எங்கே?" என்றார் அவர்.