கேட்க ஆளில்லாத கடன்

இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்ஷயரில் பக்டன் பைக் என்றொரு குன்று உண்டு. உயரம் ஏறத்தாழ 2,300 அடி. மரமற்ற ஈரப் புல்வெளி. நடந்துதான் ஏறவேண்டும். மேலே ஒரு சிலுவைச் சின்னம் நிற்கிறது. அதன் அடிப்பீடத்தில் வெண்கலத்தில் வார்த்த நரித்தலை ஒன்று! போரில் மாண்ட விமானிகளின் நினைவிடத்தில் நரிக்கு என்ன வேலை என்று ஏறி வருபவர் திகைப்பது இயல்பு.

1942 ஜனவரி இறுதியில், பயிற்சிக்குப் புறப்பட்ட வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானம் ஒன்று பனிப்புயலில் சிக்கி அங்கே மோதியது. அதிலிருந்த அறுவரும் போலந்து நாட்டார். பகைவர் பிடித்த தாய்நாட்டுக்காக அந்நிய மண்ணிலிருந்து போரிட வந்தவர்கள். ஐவர் மாண்டனர். ஒருவர் மட்டும், கணுக்கால் முறிந்த நிலையில், பனியில் தவழ்ந்தார். வழி தெரியவில்லை. அப்போது நரியின் காலடிச் சுவடு கண்ணில் பட்டது. பசித்த நரி மனிதர் வாழும் இடத்தை நாடும் என்று கணித்து, அதையே பற்றிக் கீழே இறங்கினார். கிரே என்ற சிற்றூரை அடைந்து பிழைத்தார். 1973ல் அவரே இச்சின்னத்தை எழுப்பினார்.

நரி தன் வயிற்றுப்பாட்டுக்குப் போயிற்று; நினையாமல் செய்த உதவிக்கு நன்றி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அன்பர்களே, வியாபாரிகளாகிய நாம் நமது பேரேட்டை எண்ணிப் பார்ப்போம். வரவு எவ்வழி வந்தது என்று எழுதுகிறோம். கொடுத்தவர் எந்த மனத்தோடு கொடுத்தார் என்று எழுத அங்கே இடமில்லை. வந்ததை வந்தபடி எழுதாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். நன்றியும் பெற்றவனுடைய நாணயத்தைப் பற்றியதே. “என் சாமர்த்தியத்தால் பிழைத்தேன்” என்று அவர் சொல்லியிருந்தால் மறுப்பார் யார்? நரி வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

மாண்ட ஐவரின் கணக்கு இன்னும் கடினமானது. அவர்கள் அவரிடம் எதையும் கேட்க முடியாது. ஆனாலும், தமக்குக் கிடைத்த ஆயுள் தோழர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை அவர் மறக்கவில்லை. சாதாரணக் கைக்கடன் மூன்று வருஷத்தில் காலாவதியாகும் என்று சட்டம் சொல்லும். அவரோ 31 வருஷம் கழித்தும் அதைத் தள்ளுபடி செய்யவில்லை.

நம் கடைகளுக்கும் முதல் தந்தவர், வழி காட்டியவர், பாதியில் மறைந்த கூட்டாளி என்று பலர் உண்டு. நம் ஐந்தொகையில் அவர்கள் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது? கேட்க ஆளில்லாத கடனைத் திருப்புவதில்தான் ஒருவனுடைய நாணயம் தெரியும்.