அந்தக் கடித உறையைத் திறவுங்கள், அண்ணை

ஸ்காபரோ அண்ணைமாரே, அக்காமாரே, பிள்ளையின் கல்விச் சேமிப்புக்குக் காசு போடாமல் ஒரு மாதமாவது விட்டிருப்பீர்களா? மாட்டீர்கள். ஆண்டுக்கு 2,500 டொலர் போட்டால் அரசு 500 சேர்க்கும் என்பது உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். நல்லது. அதே அரசு உங்கள் பெயரிலும் ஒரு படிப்புக் கணக்கு எழுதி வைத்திருக்கிறதே, அதில் இன்று எவ்வளவு நிற்கிறது?

முழிசாதீர்கள். வரிக் கோப்புப் போட்ட பிறகு மதிப்பீட்டுக் கடிதம் ஒன்று வரும். திரும்ப வரும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு லாச்சிக்குள் தள்ளுகிறீர்களே, அதை வெளியே எடுங்கள். 'கனடா பயிற்சி வரவு' என்று ஓரிடத்தில் இருக்கும். 2019 வரவுசெலவுத் திட்டத்தில் வந்தது. ஆண்டு முடிவில் 25 வயது நிரம்பி 65 நிரம்பாதவர், முழு ஆண்டும் கனடாவில் வசித்து, அந்த ஆண்டுக்கு அரசு குறித்த குறைந்தபட்சத் தொகையாவது உழைத்து, வரிக் கோப்பும் போட்டால் ஆண்டுக்கு 250 டொலர் ஏறும். மகப்பேற்று விடுப்புக் காசும் உழைப்புக் கணக்கில் சேரும். பெரிய வருமானக்காரருக்கு இது இல்லை. வாழ்நாள் உச்சம் 5,000. 2019 முதல் 2024 வரை ஒரு வருடமும் தவறாமல் ஏறியிருந்தால், 2025க்கான கோப்பில் 1,500 டொலர் வரை கேட்கலாம்.

கேட்பது எப்படி? அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்து 3,000 கட்டினீர்களா, அதில் பாதி 1,500 உங்களுக்குத் திரும்ப வரும். 1,200 கட்டினால் 600. மிச்சம் 900 உங்கள் பெயரிலேயே கிடக்கும். ஒரு சதமும் வரி கட்டத் தேவையில்லாத சின்னச் சம்பளக்காரருக்கும் கையில் காசாகவே வரும். இதன் உயிர் அங்கேதான் இருக்கிறது. வழக்கமான கல்விக் கட்டண வரிச்சலுகை வரி கட்டுகிறவருக்குத்தான் வரியைக் குறைக்கும்.

250 அற்பக் காசு என்கிறீர்களா? அற்பம்தான். அந்த வேகத்தில் 5,000ஐத் தொட இருபது வருடம். முழுக் கட்டணத்தையும் முதலில் நீங்கள் கட்டவேண்டும், பிறகுதான் பாதி வரும். கை வறண்டவனுக்கென்று செய்த திட்டத்தில் இது பெரிய ஓட்டை. ஏசுங்கள். தேர்தல் நேரம் வாசலுக்கு வருகிறவரைப் பிடித்து நிறுத்திக் கேளுங்கள். அதற்காக 1,500ஐக் கிடக்கட்டும் என்று விடுவீர்களா?

"இந்த வயதில் எனக்கென்ன படிப்பு?" இந்தக் கதையை என்னிடம் கதைக்க வேண்டாம். மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட விளக்கில், ஏ.எல். படித்தவர்கள் நீங்கள். குண்டு விழுந்தால் பங்கருக்குள் ஓடி, வெளியே வந்து விட்ட பக்கத்திலிருந்தே வாசித்தவர்கள். இங்கே வந்து கோப்பை கழுவி, பெட்டி தூக்கி, இரவும் பகலும் இரண்டு வேலை செய்து ஊரிலிருந்த தம்பி தங்கைகளைக் கரையேற்றினீர்கள். உங்களுக்கா சூடேற்றி போட்ட வகுப்பறையைக் கண்டு பயம்? மகன் வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும்! கணினியில் எதை அழுத்துவது என்று அவனிடமே கேளுங்கள். நேற்று வந்த பொடியன் மேற்பார்வையாளராகி உங்களுக்கு வேலை சொல்கிறானே, அந்த எரிச்சலில் பாதியைப் படிப்பில் போடுங்கள்.

ஓய்வுகாலச் சேமிப்பில் காசு இருக்கிறவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. வாழ்நாள் கற்றல் திட்டத்தில் ஆண்டுக்கு 10,000, மொத்தம் 20,000 டொலர் வரை வரி பிடிக்காமல் எடுத்து, நீங்களோ உங்கள் துணையோ முழுநேரமாகப் படிக்கலாம். பத்து வருடத்துக்குள் திருப்பிப் போட்டுவிடவேண்டும். பிள்ளையின் படிப்புக்கு இதில் எடுக்க முடியாது. சட்டம் எழுதியவருக்கு எங்கள் சனத்தை நன்றாகத் தெரியும் போல.

நாளைக் காலை கல்லூரிக்கு அடியுங்கள். முதற் கேள்வி: "இந்தப் பாடநெறிக்கு ரி2202 கல்விக் கட்டணச் சான்று தருவீர்களா?" இல்லை என்றால் நன்றி சொல்லி வைத்துவிட்டு அடுத்த கல்லூரிக்கு அடியுங்கள். வரிக் கோப்புப் போடுகிற தம்பியிடம் பயிற்சி வரவுக்கான 45350 என்ற இலக்கத்தைச் சொல்லுங்கள். அவசரத்தில் அவனும் மறப்பான். 65 வயதாகிற ஆண்டு முடிந்தால், எடுக்காத மிச்சம் அழிந்துபோகும். 58 வயது அக்கா, உங்களுக்கு இன்னும் ஏழு வருடம் கிடக்கிறது.