தகரம் அடித்த வீடு

2020-இல் சென்னையில் கொரோனா உறுதியான வீடுகளின் வாசலில் மாநகராட்சி அறிவிப்பு ஒட்டியது. பல இடங்களில் தகரமும் அடித்தார்கள். வாடகைக்கு இருந்த மருத்துவர்களையும் செவிலியர்களையும் வீட்டைக் காலி செய்யச் சொன்ன செய்திகள் நாடெங்கும் வந்தன. அந்தச் சூழலில் காய்ச்சலை மறைத்தவர்கள் பலர். அவர்கள் செய்தது தவறா?

தவறுதான். கொரோனா, அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்றக்கூடியது. யாரையெல்லாம் சந்தித்தோம் என்று நோயாளி உண்மையைச் சொன்னால்தான் அவர்களை நேரத்தோடு கண்டறிய முடியும். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது 2,000-க்கும் மேற்பட்டவர்களைப் பட்டியலிட்டுக் கண்காணித்தார்கள். நோயாளிகளும் குடும்பத்தாரும் வாய் திறக்காமல் அப்படியொரு பட்டியல் உருவாகாது. தொற்று இருப்பது தெரிந்தும் பேருந்தில் ஏறுகிறவர், பக்கத்து இருக்கைக்காரரின் உயிரை அவரைக் கேட்காமலே பணயம் வைக்கிறார். அவருடைய பயம் நமக்குப் புரிகிறது. அதற்காக அவர் செயல் சரியாகிவிடாது.

ஆனால் அந்தப் பயத்தை விதைத்தது யார்? தினக்கூலிக்குப் போகும் ஒருவர் காய்ச்சல் முகாமுக்கு வந்து பெயர் கொடுத்தால் அவருக்கு என்ன நேர்ந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு வார வருமானம் போகும். வாசலில் அறிவிப்பு ஏறும். குணமான பிறகும் அந்த வீட்டுப் பெண்ணை வேலைக்குக் கூப்பிட யோசிப்பார்கள். உண்மைக்கு இவ்வளவு பெரிய தண்டனையை வைத்துவிட்டு, ஏன் உண்மை சொல்லவில்லை என்று கேட்கும் தெருவுக்கும் அந்தத் தவறில் பங்கு உண்டு.

பக்கத்து வீட்டில் குழந்தையும் முதியவரும் இருக்கிறார்களே, அவர்களுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களுக்குச் செய்தி போயே ஆக வேண்டும். அது சுகாதாரத் துறையின் கடமை. தெரு முழுவதற்கும் பெயர் தெரிவதால் என்ன பாதுகாப்பு? தனக்குத் தொற்று இருப்பதே தெரியாமல் நடமாடியவர்கள் ஏராளம். முகக்கவசமும் இடைவெளியும் காற்றோட்டமும் எல்லாரிடமும் கடைப்பிடிக்க வேண்டியவை. தகரம் அடித்த வீட்டைப் பார்த்து ஒதுங்கியவர், தகரம் இல்லாத வீட்டில் கவசத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பேசினார். நோய்க்கு அது போதும்.

இந்த அச்சம் எதுவரை போகும் என்பதையும் சென்னை பார்த்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரின் உடலைப் புதைக்கவிடாமல் ஒரு கும்பல் தாக்கியது. முறைப்படி அடக்கம் செய்த உடலிலிருந்து அக்கம்பக்கத்துக்கு நோய் பரவாது என்று மருத்துவர்கள் சொல்லியும் பயன் இல்லை. உடலைக் கொண்டுவந்தவர்கள் அடிபட்டார்கள். சக மருத்துவர் ஒருவரே இரவில் மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். நோயைப் பற்றிய அறிவு என்பது கை கழுவும் முறையோடு முடிவதில்லை. எதற்கு அஞ்ச வேண்டாம் என்று தெரிவதும் அதில் அடக்கம்.

அந்த ஆண்டு டிசம்பரில், உரிய அதிகாரியின் தனி உத்தரவு இல்லாமல் நோயாளிகளின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் தெருவின் பார்வையை எந்த நீதிமன்றமும் மாற்றித் தராது. வேறொரு புதுத் தொற்றுக் காய்ச்சல் அடுத்த முறை உங்கள் தெருவுக்கு வரும்போது, நோய் கண்ட வீட்டு வாசலில் பாலும் அரிசியும் வைத்துவிட்டு, வேறு என்ன வேண்டும் என்று தொலைபேசியில் கேளுங்கள்.