கருவி இல்லையா? கணக்கு இருக்கிறது!

சட்டம் இடம் தரும் நாட்டில், உன் வீட்டு அடுப்பிலேயே பீர் காய்ச்சத் துணிந்த நண்பா, குளிர்விக்கும் இயந்திரம் வாங்கக் காசில்லை என்று ஏன் தயங்குகிறாய்? அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்ச வழிவிட்ட சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டார். அடுப்பில் ஒரு பானையும் குழாயில் தண்ணீரும் இருந்தால் போதும் என்று இறங்கியவர்கள்தான் இந்தக் கலையை வீட்டுக்கு வீடு வளர்த்தார்கள். உன்னாலும் முடியும்!

மால்ட் பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றின் பெயர் வோர்ட். ஹாப்ஸ் சேர்த்துக் கொதித்த அந்தச் சாறு, 20 டிகிரி அளவுக்கு ஆறினால்தான் ஈஸ்ட் போட முடியும். கொதித்துக்கொண்டிருக்கும் வரை எந்தக் கிருமியும் அதை அண்டாது. ஆறத் தொடங்கிவிட்டாலோ, அந்த இனிப்பைத் தேடி வராத நுண்ணுயிர் இல்லை. உன் ஈஸ்ட்டை அவை முந்திக்கொண்டால் பகல் முழுதும் பட்ட பாடு புளித்துப்போகும். ஆகவே மூடி வை, சீக்கிரம் ஆற வை.

எப்படி? பயத்தை விடு, கணக்கைப் போடு! 20 லிட்டர் சாற்றை 100 டிகிரியிலிருந்து 20க்கு ஐஸ் ஒன்றாலேயே இறக்க வேண்டுமானால், ஏறக்குறைய 20 கிலோ ஐஸ் உருக வேண்டும். அதையே 40 டிகிரி வரை வெறும் குழாய்த் தண்ணீரால் இறக்கிவிட்டுப் பார்! மிச்சத்துக்கு 5 கிலோ போதும். சாற்றுக்கும் தண்ணீருக்கும் சூட்டு வித்தியாசம் பெரிதாக இருக்கும்வரை வெப்பம் தானாகவே பாய்ந்து வெளியேறும். வித்தியாசம் சுருங்கச் சுருங்க அந்த வேகம் தளரும். நியூட்டன் கண்ட உண்மை இது. ஐஸ் தேவைப்படுவது அந்தத் தளர்ச்சியில்தான். முதல் நிமிடத்திலேயே அதைக் கொட்டித் தீர்த்துவிடாதே!

பானையை சிங்க்கில் இறக்கு. அடங்காவிட்டால் குளியல் தொட்டியில் வை. தண்ணீர் வெதுவெதுப்பானதும் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடி. சும்மா நிற்காதே, கிளறு! வெளித் தண்ணீரைக் கையால் அலை; உள்ளே, கிருமி நீக்கிய கரண்டியால் சாற்றை மெல்லச் சுழற்று. அசையாத சாற்றில் ஓரம் மட்டும் ஆறும், நடுப்பகுதி சுட்டுக்கொண்டே இருக்கும். நாளை கையில் காசு சேர்ந்தால் செம்புக் குழாயைச் சுருளாக வளைத்துக்கொள். கொதி முடியக் கால் மணி நேரம் இருக்கும்போதே அதைப் பானைக்குள் இறக்கு. அந்தக் கொதியே அதைச் சுத்தமாக்கிவிடும். பிறகு அதனுள் குளிர்ந்த நீரை ஓடவிடு.

எளிய கருவி என்றால் மட்டமா? பிரஸ்ஸல்ஸின் கான்டியோன் மதுவாலையில் இன்றும் கொதித்த சாற்றை அகன்ற, ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி, குளிர்கால இரவுக் காற்றில்தான் ஆறவிடுகிறார்கள். காற்றோடு வரும் காட்டு ஈஸ்ட்டை அவர்கள் விரும்பியே வரவேற்கிறார்கள். அந்தத் துணிச்சலைப் பார்!

வெப்பமானி 20ஐக் காட்டுகிறதா? அடியில் படிந்த கசடு கலங்காமல், தெளிந்த சாற்றைக் கிருமி நீக்கிய வாளிக்கு மாற்று. உயரத் தூக்கி, நுரை பொங்க ஊற்று! கொதியில் பறந்துபோன ஆக்சிஜன் ஈஸ்ட்டுக்கு இப்போது வேண்டும். ஈஸ்ட்டைத் தூவு, வாளியை மூடு, காற்றடைப்பானைப் பொருத்து.