திரும்பி வந்தவனும் போகாதவளும்

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிறவனுக்கு கோபிசெட்டிபாளையத்தில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். ஒன்று, "அங்க என்னமோ ஆயிருச்சாட்ட இருக்குது, அதான் வந்துட்டான்." இன்னொன்று, "அம்மாளுக்காக அத்தனையும் உட்டுட்டு வந்திருக்குது தம்பி." டொராண்டோவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்த எனக்கு இரண்டும் கிடைத்தன. முதலாவதைச் சிரித்துக் கடந்துவிடலாம். இரண்டாவதுதான் தொந்தரவு செய்கிறது. ஊர் திரும்புவது பாராட்ட வேண்டிய ஓர் அறச்செயலா?

ஆம் என்பவர்கள் முதலில் சொல்வது கடன். இந்த மண் படிக்க வைத்தது, பலனை வேறு நாடு அனுபவிக்கிறது என்ற வாதம். இது வெறும் மேடைப்பேச்சு இல்லை. 1970களில் பொருளாதார அறிஞர் ஜக்தீஷ் பகவதி, ஏழை நாடுகளிலிருந்து பணக்கார நாடுகளுக்குப் போகும் படித்தவர்களின் வருமானத்தில் கூடுதல் வரி பிடித்து, அதை வளரும் நாடுகளுக்குச் செலவிடலாம் என்று முன்மொழிந்தார். ஆனால் பாருங்கள், அவர் வரியைத்தான் கேட்டார், ஆளைக் கேட்கவில்லை. கடன் என்றால் பணமாகவே அடைக்கலாம். கனடாவில் இருந்தபடி இன்னும் அதிகமாகவே அடைக்கலாம். ஆக, உடம்போடு திரும்பி வருவதற்குக் கடன் காரணமாகாது.

அடுத்த காரணம், பணமாக அனுப்ப முடியாத ஒன்று: பக்கத்தில் இருப்பது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, ராத்திரி இருமல் சத்தம் கேட்டால் எழுந்துபோய்ப் பார்ப்பது. இதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த ஒன்பது வருடமும் அந்த வேலையைச் செய்தவள் அக்கா. கவுந்தப்பாடியில் கட்டிக்கொடுத்தவள், வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் பிடித்து வந்து, மாத்திரைகளைப் பிரித்து வைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஓடுவாள். நான் வந்தபோது சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். எல்லோருக்கும் காபி போட்டவளும் அவள்தான். அவர்கள் போனபிறகு சொன்னாள்: "நீ வந்ததுக்கு இத்தன பேரு மெச்சறாங்க கண்ணு. நான் போகவே இல்லியே, அத ஆராச்சும் கேட்டாங்களா?"

அவள் குரலில் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலும் இல்லை. போனவன் திரும்பினால் அது கதை. போகாதவளுக்குக் கதையே கிடையாது. ஊரில் இருப்பதை, போக முடியாதவர்களின் நிலை என்று நினைத்துப் பழகிவிட்டோம். இதே கோபியின் ஜி. எஸ். லட்சுமண ஐயர், தலித் மக்களுக்குத் தன் வீட்டைத் திறந்துவிட்டதால் சொந்தச் சாதியாரால் ஒதுக்கி வைக்கப்பட்டவர். நகராட்சித் தலைவராக இருந்து, மனிதக் கழிவை மனிதர் அள்ளும் முறையை இங்கே ஒழித்தவர். ஒதுக்கியவர்கள் நடுவிலேயே வாழ்ந்து 2011இல் காலமானார். இருப்பதும் தினந்தினம் எடுக்கிற முடிவுதான்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். கோபியிலிருந்து பவானிசாகர் தூரமில்லை. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. போருக்குத் தப்பி வந்தவர்களுக்கு, ஊர் திரும்புவது என்பது விமான டிக்கெட் சமாச்சாரம் இல்லை. இதற்கு நேர்மாறான கதை 1964ஆம் வருட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். அதன்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்கச் சம்மதித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகப் பிறந்து வளர்ந்தவர்களை, பலர் கண்ணால்கூடப் பார்த்திராத நாட்டுக்கு அனுப்பிவிட்டு, 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தோம். ஒருவருக்கு எட்டாதது, இன்னொருவருக்குக் கட்டளை, எனக்கு மட்டும் விருப்பம். விருப்பப்படி செய்ததைத் தியாகம் என்று எப்படிச் சொல்வது?

வந்தவனுக்கு வாயும் நீளம். 1915 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த காந்தியிடம், ஒரு வருடம் நாட்டைச் சுற்றிப் பாருங்கள், பொது விஷயங்களில் கருத்துச் சொல்லாதீர்கள் என்றார் கோகலே. காந்தியும் ஏற்றுக்கொண்டார். எங்கள் பக்கத்துக் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் தகராறைப் பார்த்தால் கோகலே சொன்னது புரியும். சுமார் 200 கிலோமீட்டர் மண் வாய்க்கால். வெளியிலிருந்து பார்ப்பவனுக்குக் கசிவு என்றால் வீண். வாய்க்காலுக்குக் கீழே கிணறு வைத்திருப்பவருக்கு அந்தக் கசிவுதான் ஊற்று. கடைமடைக்காரருக்கோ தண்ணீரே வந்து சேர்வதில்லை. மூன்று பேர் சொல்வதையும் கேட்காமல் டொராண்டோ அறிவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

என் கனடா பிஆர் கார்டு இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த உரிமையையே இழக்கலாம். கணக்குப் பார்த்தால் அடுத்த ஆடிக்குள் முடிவு செய்ய வேண்டும். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு ஊரில் இருப்பவனும், கதவே இல்லாமல் இருக்கும் அக்காவும் ஒரே மாதிரி இருக்கிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காகக் கார்டைக் கிழித்துப் போட்டால் அதுவும் இன்னொரு கைதட்டலுக்குத்தான் ஆகும்.

ஆகவே திரும்பியதற்கு மதிப்பெண் வேண்டாம் என்றே நினைக்கிறேன். வந்தபின் யாருடைய பாரம் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் கேட்கலாம். இப்போதைக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: செவ்வாயும் வெள்ளியும் அக்கா இப்போது பஸ் ஏறுவதில்லை. அந்த இரண்டு நாளை என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "சும்மாதான் இருக்கறன்" என்றாள்.